பொலிகோம் புரதங்கள்: சேர்ந்திருப்பதால் அடங்குகின்றனவா, அடங்கியதால் சேர்கின்றனவா?

கோணேசபுரி வளாகத்தில் விஞ்ஞானம் படிக்கும் ஒரு தம்பி இங்கே கேட்டிருக்கிறார்: "பொலிகோம் புரதங்கள் நிறமூர்த்தத்தில் ஒன்றுக்கொன்று தூரத்தில் இருக்கும் பரம்பரையலகுகளை ஓரிடத்துக்கு இழுத்துச் சேர்க்கின்றன, அதனால் அவை அடங்கிவிடுகின்றன என்று எங்கள் குறிப்பில் இருக்கிறது. அப்படியென்றால் அந்தச் சேர்க்கையை அறுத்துவிட்டால் அவை திரும்ப இயங்குமா? திருகோணமலையில் இருந்துகொண்டே இதைக் கொஞ்சம் ஆழமாகப் படிக்க வழி உண்டா?" பொலிகோம் என்பது சில பரம்பரையலகுகளை இயங்கவிடாமல் அடக்கி வைக்கும் புரதங்களின் குழு. கேள்வி அறுப்பதைப் பற்றியது போலத் தெரிந்தாலும், உண்மையில் தம்பி கேட்பது காரணகாரியம். நெருக்கம் அடக்கத்துக்குக் காரணமா, விளைவா, அல்லது இரண்டும் ஒரே புரதத்தின் இரண்டு தனி வேலைகளா? இந்தத் துறையில் இருப்பவர்கள் இருபது வருடத்துக்கு மேலாகத் தங்களுக்குள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியும் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் பயிற்சி பழ ஈயில்தான். பட்டப்பின் ஆய்வைப் பொலிகோம் பரம்பரையலகுகளில் செய்தேன், இப்போது உப்புவெளியில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஈயைப் பற்றி நான் சொல்வது கையால் செய்து கண்டது. எலியின் முளையத் தண்டுக்கலங்களை (உடலின் எந்தக் கலமாகவும் மாறக்கூடிய ஆரம்பக் கலங்களை)ப் பற்றியும் மனிதக் குருதிக்கலங்களைப் பற்றியும் சொல்வது வெளியான ஆய்வுகளைப் படித்துத் தெரிந்துகொண்டது. இரண்டையும் ஒரே எடையில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் சுருக்கமான பதில். சேர்க்கையை மட்டும் அறுத்தால் பெரும்பாலான பரம்பரையலகுகள் திரும்ப இயங்காது, அடங்கியே இருக்கும். ஈயில் சிலவற்றின் அடக்கம் தளரும். எலியின் தண்டுக்கலத்தில் அந்தத் தளர்வும் மிகக் குறைவு. ஆகவே குறிப்பில் உள்ள "அதனால்" என்ற சொல் ஆதாரம் தாங்குவதைவிட அதிகமாகச் சொல்கிறது.

மனிதக் கலம் ஒன்றில் சுமார் 2 மீற்றர் டிஎன்ஏ இருக்கிறது. அது சுருண்டு கிடக்கும் கலக்கருவின் விட்டம் ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு அளவுதான். எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த ஒவ்வோர் உருளையிலும் 147 சோடி மூலங்கள் சுற்றியிருக்கும். அதுதான் நியூக்கிளியோசோம். பொலிகோம் புரதங்கள் இந்த ஹிஸ்டோன்களில் அடையாளம் வைக்கும் புரதங்கள். அவற்றின் கதை 1940களில் ஈயில் தொடங்கியது. ஆண் ஈயின் முன்காலில் மட்டும் இருக்கவேண்டிய சீப்பு போன்ற மயிர் வரிசை மற்றக் கால்களிலும் முளைத்த ஒரு விகாரத்தை பமேலா லூயிஸ் கண்டார். அவருடைய கணவர் எட்வர்ட் லூயிஸ் 1978இல் அதை விளக்கினார்: உடலின் எந்தத் துண்டம் எதுவாக வரவேண்டும் என்று தீர்மானிக்கும் ஹொக்ஸ் பரம்பரையலகுகளை, அவை வேண்டாத இடங்களில் அடக்கி வைப்பதுதான் பொலிகோமின் வேலை. 1995இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

இன்று இந்தப் புரதங்களை இரண்டு கூட்டங்களாகப் பிரித்துப் பேசுகிறோம். பீஆர்சி2 என்ற கூட்டத்தில் உள்ள ஈசட்எச்2 நொதியம் எச்3 ஹிஸ்டோனின் 27ஆவது அமினோ அமிலமான லைசீனில் மெதைல் என்ற சிறு இரசாயன அலகுகள் மூன்றை ஒட்டுகிறது. அதே கூட்டத்தில் உள்ள ஈஈடீ என்ற புரதம் ஏற்கெனவே ஒட்டப்பட்ட மெதைலைப் பற்றிக்கொண்டு, பக்கத்து நியூக்கிளியோசோமிலும் ஒட்டும்படி நொதியத்தைத் தூண்டுகிறது. அடையாளம் பரவுவதும் கலப்பிரிவுக்குப் பிறகு நிலைப்பதும் இதனால்தான். பீஆர்சி1 என்ற கூட்டத்தில் இரண்டு வகை இருக்கிறது, தம்பியின் கேள்விக்கு இந்தப் பிரிவு மிக முக்கியம். மரபுவழி வகை என்று சொல்லப்படுவதில் சீபிஎக்ஸ், பிஎச்சீ என்ற புரதங்கள் உண்டு. சீபிஎக்ஸ் மெதைல் அடையாளத்தில் போய் ஒட்டும். பிஎச்சீயின் ஒரு முனை தன்னைப் போன்ற இன்னொன்றோடு கைகோத்துச் சங்கிலியாக நீளும். மாற்று வகையில் இந்த இரண்டும் இல்லை, ஆனால் எச்2ஏ ஹிஸ்டோனின் 119ஆவது இடத்து லைசீனில் யுபிகுவிட்டின் என்ற சிறு புரதத்தை அடையாளமாக ஒட்டும் வேலையில் பெரும்பங்கை அதுவே செய்கிறது. ஆக, தூரத்து டிஎன்ஏக்களைச் சேர்க்கும் கருவி மரபுவழி வகையிடம், அடையாளம் வைக்கும் வேலையின் பெரும்பங்கு மாற்று வகையிடம். இந்தப் பிரிவு தெரியாத காலத்தில் "பீஆர்சி1ஐ நீக்கினோம், நெருக்கமும் போனது, அடக்கமும் போனது" என்ற முடிவுகள் ஏராளம் வந்தன. அவற்றிலிருந்து காரணத்தைப் பிரித்தெடுக்க வழியே இல்லை.

நெருக்கத்தை எப்படி அளக்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். 2002இல் ஜோப் டெக்கர் முதலானோர் வெளியிட்ட முறையில், கலங்களை ஃபோமல்டிஹைட்டில் இட்டு அருகருகே இருப்பவற்றை அப்படியே கட்டிப்போடுவார்கள். பிறகு டிஎன்ஏயை ஒரு நொதியத்தால் வெட்டி, அருகில் இருக்கும் முனைகளை ஒட்டி, எந்தத் துண்டு எதோடு ஒட்டியிருக்கிறது என்று வாசிப்பார்கள். 2009இல் வந்த ஹை-சி முறை இதையே முழு மரபுத்தொகுதிக்கும் செய்கிறது. கிடைப்பது பல இலட்சம் கலங்களின் சராசரி. எந்த இடம் எதோடு நெருங்கியிருக்கிறது என்று காட்டும் அந்த வரைபடத்தில் கறுப்பாகத் தெரியும் ஒரு புள்ளி, எல்லாக் கலங்களிலும் எப்போதும் இருக்கும் கட்டு என்று பொருள்படாது. ஒரு சிறு பங்கு கலங்களில் கொஞ்ச நேரம் மட்டுமே இருக்கும் நெருக்கமும் அப்படித் தெரியலாம். ஒளிரும் சாயத்தை டிஎன்ஏயில் ஒட்டி நுணுக்குக்காட்டியில் பார்க்கும்போது சில இடங்களில் வேறு கதை தெரிந்திருக்கிறது, அதிலும் ஹொக்ஸ் பகுதியிலேயே இந்த முரண் வந்திருக்கிறது. எந்த ஆய்வைப் படித்தாலும் இரண்டு முறையிலும் காட்டியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

கருவுக்குள் தூரத்து டிஎன்ஏக்களை நெருக்கமாக்குவது பொலிகோம் மட்டுமில்லை. கொஹீசின் என்ற வளையப் புரதம் டிஎன்ஏயைத் தனக்குள்ளால் இழுத்து வளையத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகும். உரிய திசையில் சீடீசீஎஃப் புரதம் ஒட்டியிருக்கும் இடம் வந்ததும் நிற்கும். தோணிக் கயிற்றை ஒரு இரும்பு வளையத்துக்குள்ளால் இழுக்கும்போது முடிச்சு வந்ததும் நிற்பது போல. 2017இல் கொஹீசினை மனிதக் கலங்களிலிருந்து சில மணி நேரத்தில் நீக்கிப் பார்த்தபோது இந்த வளையங்கள் மறைந்தன, ஆனால் பெரும்பாலான பரம்பரையலகுகளின் இயக்கம் சிறிதளவே மாறியது. பொலிகோமின் நெருக்கம் இதிலிருந்து வேறு. எலியின் தண்டுக்கலங்களில் கொஹீசினை நீக்கியபோது பொலிகோம் ஒட்டியிருக்கும் இடங்களுக்கு இடையிலான நெருக்கம் குறையவில்லை, கூடியது. அதோடு அங்கிருந்த சில பரம்பரையலகுகள் இன்னும் கொஞ்சம் அடங்கின. இது 2020இல் வெளியானது. கொஹீசின் இடைவிடாமல் இழுத்துக் கலைத்துக்கொண்டிருப்பதால்தான் பொலிகோம் இடங்கள் முழுதாக ஒட்டிக்கொள்ளாமல் இருக்கின்றன என்று இதைப் புரிந்துகொள்ளலாம். நெருக்கத்துக்கும் அடக்கத்துக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

இனி ஈ. வெண்ணிறக் கண் கொண்ட ஈயில், கண்ணுக்குச் சிவப்புத் தரும் பரம்பரையலகின் சிறிய வடிவம் ஒன்றைப் புகுத்தலாம். ஒரு பிரதி இருந்தால் கண் மஞ்சளோ செம்மஞ்சளோ ஆகும், இரண்டு பிரதி இருந்தால் நிறம் கூடும். ஆனால் அதன் பக்கத்தில் பொலிகோம் வந்து இறங்கும் டிஎன்ஏத் துண்டு ஒன்றையும் வைத்தால், பல வேளைகளில் இரண்டு பிரதி உள்ள ஈயின் கண் ஒரு பிரதி உள்ளதைவிட வெளிறிப் போகும். ஜூடித் காசிஸ் 1991இல் இதை வெளியிட்டார். ஈயின் உடற்கலங்களில் ஒத்த நிறமூர்த்தங்கள் இரண்டும் பக்கம் பக்கமாகச் சேர்ந்தே கிடக்கும். அப்படி இரண்டு பொலிகோம் இடங்கள் சந்திக்கும்போது அடக்கம் வலுக்கிறது. ஆய்வுகூடத்தில் எந்த விலையுயர்ந்த கருவியும் இல்லாமல், ஒரு சாதாரண நுணுக்குக்காட்டியில் கண் நிறத்தைப் பார்த்தே இதைக் காணலாம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பாகவே இருக்கும். இன்னொன்றும் சொல்லவேண்டும்: இந்த அடக்கம் வெப்பநிலையைப் பொறுத்தது, 18 பாகையில் வளர்ந்த ஈயைவிட 28 பாகையில் வளர்ந்ததில் கண் வெளிறியிருக்கும். (வெப்பம் வேண்டும் என்பதற்காக நம் ஊரின் சித்திரை வெயிலில் குளிரூட்டி இல்லாத அறையில் ஈயை வளர்த்துவிட முடியாது. 30 பாகையை நெருங்கினால் ஆண் ஈக்கள் மலடாகிவிடும்.)

ஒரே நிறமூர்த்தச் சோடிக்கு வெளியிலும் இது நடக்கிறது. ஃபாப்-7 என்ற பொலிகோம் துண்டின் இயற்கையான இடம் மூன்றாம் நிறமூர்த்தம். அதன் ஒரு பிரதியை எக்ஸ் நிறமூர்த்தத்தில் புகுத்தியபோது இரண்டும் கருவுக்குள் சந்தித்துக்கொண்டன. மூன்றாம் நிறமூர்த்தத்தில் இருந்த இயற்கையான பிரதியை நீக்கியதும் எக்ஸில் இருந்த பிரதியின் அடக்கம் தளர்ந்தது. இது 2003. எட்டுவருடம் கழித்து அதே குழு ஈயின் இரண்டு ஹொக்ஸ் கொத்துகளை (அருகருகே இருக்கும் ஹொக்ஸ் பரம்பரையலகுகளின் தொகுதிகளை)ப் பார்த்தது. அவற்றுக்கிடையே சுமார் ஒரு கோடி சோடி மூலங்கள் தூரம். இரண்டும் அடங்கியிருக்கும் இழையங்களில் அவை சந்திக்கின்றன. ஒரு பக்கத்துத் துண்டை நீக்கிச் சந்திப்பைக் குறைத்தபோது மற்றப் பக்கத்தின் அடக்கம் கொஞ்சம் தளர்ந்தது. "கொஞ்சம்" என்பதைக் கவனியுங்கள். அந்த விளைவைத் தெளிவாகப் பார்க்க, பொலிகோம் ஏற்கெனவே பாதி குறைந்த ஈக்களைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. ஈயைப் பொறுத்தவரை, நெருக்கம் அடக்கத்தைத் தொடக்கிவைப்பதில்லை, இருக்கும் அடக்கத்துக்கு வலு சேர்க்கிறது என்று உறுதியாகச் சொல்வேன்.

எலியின் தண்டுக்கலத்தில் கதை மாறுகிறது. அங்கே நான்கு ஹொக்ஸ் கொத்துகளும் நான்கு வெவ்வேறு நிறமூர்த்தங்களில் இருந்தாலும், பீஆர்சி1 அவற்றையும் வேறு பல பரம்பரையலகுகளையும் ஒரு வலையாகச் சேர்த்து வைத்திருப்பதை 2015இல் காட்டினார்கள். சரி, சேர்க்கும் கருவியான மரபுவழிப் பீஆர்சி1ஐ மட்டும் நீக்கினால்? நெருக்கம் பெருமளவு போய்விடுகிறது, அடங்கிய பரம்பரையலகுகளில் மிகச் சிலவே விழிக்கின்றன. மாற்று வகைகளை நீக்கினால் அடக்கம் சரிகிறது. 2020இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே இன்னொரு வழியில் பார்த்தன. பீஆர்சி1 புரதத்தைக் கலத்திலேயே விட்டுவிட்டு, யுபிகுவிட்டின் ஒட்டும் திறனை மட்டும் ஒரு விகாரத்தால் முடக்கினார்கள். அடக்கம் பெரும்பாலும் போய்விட்டது. தம்பி கேட்ட "அறுத்துப் பார்க்கும்" பரிசோதனைக்கு இதைவிடக் கிட்டத்தில் எதுவும் இல்லை, பதிலும் தெளிவு: அந்தக் கலத்தில் அடக்குவது அடையாளம், நெருக்கம் அல்ல.

ஆனால் இதை எல்லா விலங்குக்கும் நீட்டிவிடக் கூடாது. ஈயில் எச்2ஏ ஹிஸ்டோனின் அந்த யுபிகுவிட்டின் இல்லாமலும் ஹொக்ஸ் அடக்கம் நிலைக்கிறது. மாறாக எச்3இன் 27ஆவது லைசீனை மெதைல் ஏற்க முடியாதபடி மாற்றினால், பொலிகோமே இல்லாத ஈயைப் போல ஆகிவிடுகிறது. எலியிலும் முழு உடலாக வளரும்போது நிலைமை வேறு. பிஎச்சீ2 புரதத்தின் சங்கிலி கோக்கும் திறனை மட்டும் ஒரே ஓர் அமினோ அமில மாற்றத்தால் கெடுத்த எலிகளில், பொலிகோம் கொத்துகள் கலைந்தன, ஹொக்ஸ் அடக்கம் தளர்ந்தது, முதுகெலும்பின் துண்டங்கள் இடம் மாறி உருவாயின. நெருக்கம்தான் காரணம் என்பவர்கள் முதலில் எடுத்துக்காட்டுவது இதைத்தான். எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. சங்கிலி கோக்க முடியாத புரதம் இலக்கில் உறுதியாக ஒட்டியிருப்பதும் குறைந்தது. ஆகவே தூரத்து நெருக்கம் போனதால் அடக்கம் தளர்ந்ததா, இலக்கிலேயே புரதம் குறைந்ததால் தளர்ந்ததா என்று அந்தப் பரிசோதனையால் பிரிக்க முடியவில்லை. தண்டுக்கலம் எல்லாத் திசைக்கும் திறந்திருக்கும் ஒரு தற்காலிக நிலை, வளரும் உடலோ அதே அடக்கத்தைப் பல கலப்பிரிவுகளுக்கு ஞாபகம் வைத்திருக்கவேண்டும். நெருக்கத்தின் பயன் இந்த ஞாபகத்தில்தான் கூடுதலாகத் தெரியும் என்பது என் கருத்து. இதை ஒரு கருத்தாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதேபோல், இந்தக் கொத்துகள் எண்ணெய்த்துளி போலப் பிரிந்து நிற்கும் திரவத்துளிகள் என்று 2017க்குப் பிறகு நிறைய எழுதப்பட்டது. சோதனைக்குழாயில் சீபிஎக்ஸ்2 புரதம் அப்படித் துளியாவது உண்மை. உயிருள்ள கலத்தில், இயல்பான அளவில், அதுதான் நடக்கிறதா என்பது இன்னும் தீராத விவாதம். பரீட்சையில் அதை முடிந்த உண்மையாக எழுதவேண்டாம்.

நெருக்கமும் அடக்கமும் பிரிந்து நிற்பதற்குப் பொலிகோமுக்கு வெளியே நல்ல உதாரணம் பெண் பாலூட்டிகளில் அடங்கிய எக்ஸ் நிறமூர்த்தம். அது இரண்டு பெரிய மடிப்புகளாகக் கிடக்கிறது, நடுவில் டீஎக்ஸ்இசட்4 என்ற பகுதி எல்லையாக நிற்கிறது. அந்தப் பகுதியை வெட்டினால் இரண்டு மடிப்பு என்ற அமைப்பே போய்விடுகிறது. நிறமூர்த்தம் பெரும்பாலும் அடங்கியபடியே இருக்கிறது.

மறுபக்கமும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. ஒரு பரம்பரையலகை இயக்கும் திசையில் நெருக்கமே காரணமாவது உறுதியாகக் காட்டப்பட்டிருக்கிறது, அது நம் நாட்டுக்கு நெருக்கமான ஒரு நோயோடு தொடர்புடையது. பீற்றா தலசீமியாவில், குருதியில் ஒட்சிசனைக் காவும் ஹீமோகுளோபினின் ஒரு பகுதியான முதிர்ந்தவர்களின் பீற்றா குளோபின் குறைகிறது. கருப்பையில் இருக்கும்போது இயங்கும் காமா குளோபினைத் திரும்ப எழுப்பினால் அந்தக் குறையை ஈடுசெய்யலாம். தூரத்தில் இருக்கும் ஒரு கட்டுப்பாட்டுப் பகுதி யாரோடு வளையம் போடுகிறதோ அந்தக் குளோபின்தான் இயங்கும். முதிர்ந்தவரின் கலத்தில் எல்டீபி1 என்ற புரதத்தைக் காமா குளோபினின் தொடக்கத்தில் செயற்கையாகக் கட்டி, வளையத்தை வலிந்து உண்டாக்கியபோது காமா குளோபின் திரும்ப இயங்கியது. இது 2014. சாதாரண நிலையில் காமாவை அடக்கி வைப்பது பீசிஎல்11ஏ என்ற புரதம். குருதிக்கலத்தில் அந்தப் புரதத்தைக் குறைக்கும்படி டிஎன்ஏயைத் திருத்தும் காஸ்ஜெவி என்ற சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரித்தானியா அனுமதி கொடுத்தது. குருநாகலிலோ வேறெங்கோ குருதி ஏற்றிக்கொண்டிருக்கும் குடும்பத்தினர் இதை வாசித்தால், யாருக்கு இந்தச் சிகிச்சை பொருந்தும் என்பதை உங்கள் வைத்தியரிடம்தான் கேட்கவேண்டும். அது என் துறை அல்ல.

நெருக்கம் இயக்கத்துக்கு உதவும் இதே போக்கு, எதிர்பாராத விதமாகப் பொலிகோமிலேயே தெரிந்திருக்கிறது. எலியின் தண்டுக்கலத்தில், பின்னால் மூளைக்கலமாக மாறும்போது தேவைப்படும் சில தூண்டிப் பகுதிகளை (பரம்பரையலகை இயக்கத் தூண்டும் டிஎன்ஏத் துண்டுகளை) பீஆர்சி2 முன்கூட்டியே அவற்றின் பரம்பரையலகோடு நெருக்கி வைத்திருக்கிறது. பீஆர்சி2 இல்லாவிட்டால் அந்த நெருக்கமும் இல்லை, நேரம் வரும்போது பரம்பரையலகு சரியாக இயங்குவதும் இல்லை. அடக்கும் புரதம் போட்ட முடிச்சு பின்னால் இயக்கத்துக்கு உதவுகிறது என்றால், "சேர்த்தால் அடங்கும்" என்ற சூத்திரம் எப்படிப் போதும்?

ஆகவே தம்பி, உங்கள் குறிப்பில் அந்த வரியை இப்படி மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்: "பொலிகோம் புரதங்கள் ஹிஸ்டோன் அடையாளங்களால் பரம்பரையலகுகளை அடக்குகின்றன. அவற்றில் ஒரு வகை, தூரத்து இலக்குகளை நெருக்கமாக்கவும் செய்கிறது. ஈயில் இந்த நெருக்கம் அடக்கத்தை வலுப்படுத்துகிறது. எலியின் தண்டுக்கலத்தில் அடக்கத்துக்கு அது பெரும்பாலும் தேவையில்லை." இனி ஒரு ஆய்வைப் படிக்கும்போது புரதத்தை முழுதாக நீக்கினார்களா, ஒரு திறனை மட்டும் கெடுத்தார்களா என்று பாருங்கள். நாள்கணக்கில் காத்திருந்து அளந்தார்களா, சில மணி நேரத்தில் அளந்தார்களா என்றும் பாருங்கள். மெதுவாக நீக்கினால் கலம் வேறு கலமாகவே மாறிவிடும், அப்புறம் எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது.

திருகோணமலையில் இருந்து படிப்பதைப் பற்றி. ஹை-சி பரிசோதனையை இங்கே செய்வது இப்போதைக்குக் கடினம், ஆனால் உலகத்தின் ஹை-சி தரவுகளில் பெரும்பகுதி இலவசமாகத் திறந்து கிடக்கிறது. ஹை-சி வரைபடங்களைக் காட்டும் ஜூஸ்பொக்ஸ் என்ற கருவி இணைய உலாவியிலேயே திறக்கும். ஒரு சாதாரண மடிக்கணினியும் வளாகத்தின் இணையமும் போதும். 2017இல் வெளியான ஒரு பெரிய எலித் தரவுத்தொகுப்பில் தண்டுக்கலம், நரம்பு முன்னோடிக்கலம், நரம்புக்கலம் மூன்றும் இருக்கின்றன. அதில் இரண்டாம் நிறமூர்த்தத்தைத் திறந்து ஹொக்ஸ்-டீ கொத்துக்குப் போங்கள். முதலில் தண்டுக்கலத்தில், வரைபடத்தின் மூலைவிட்டத்திலிருந்து விலகித் தனியாகத் தெரியும் கரும்புள்ளிகளைத் தேடுங்கள். ஒவ்வொரு புள்ளியின் இரண்டு முனையிலும் எச்3இன் 27ஆவது லைசீன் அடையாளம் இருக்கிறதா என்று அதற்குரிய தரவோடு ஒப்பிடுங்கள். பிறகு அதே இடத்தை நரம்பு முன்னோடிக்கலத்தில் பாருங்கள், பொலிகோம் வலை கலைந்திருப்பது தெரியும். அங்கே எந்தப் பரம்பரையலகு இயங்கத் தொடங்கியிருக்கிறது, எது நெருக்கம் போன பிறகும் அடங்கியே இருக்கிறது என்று ஒரு அட்டவணை போட்டுக்கொண்டு வந்து இங்கேயே எழுதுங்கள். அதை வைத்துக்கொண்டு மேலே பேசலாம்.